ஓபேக்கில் ‘பாகசாஸ்திரம்’: சென்னையில் பழைய தமிழ்ப் புத்தகம் தேடுகிறவரின் விமர்சனம்

பழைய தமிழ்ச் சமையல் புத்தகங்கள், அதிலும் 1950-க்கு முன்னால் அச்சானவை, எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு கட்டுரைத் தொடருக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் சென்னை நூலகங்களின் ஓபேக் (கணினியில் தேடுகிற நூலக அட்டவணை), பல வெளிநாட்டு நூலகங்களைச் சேர்த்த கூட்டுப் பட்டியல், மின்னூலகம் என்று ஏகப்பட்ட டேப்கள் என் கணினியில் எப்போதும் திறந்தே கிடக்கும். எதில் தேடினால் கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, ஒரேயடியாக இங்கே கொட்டிவிடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் புத்தகத்துக்கு, அதுவும் பழைய புத்தகத்துக்கு, நடுவில் ஒரு பெட்டியை வைத்து ‘இங்கே தட்டுங்கள்’ என்கிற தேடல் பெரும்பாலும் கைவிட்டுவிடும். எண் வரிசையிலோ அகரவரிசையிலோ மேயவிடுகிற வசதி எந்தக் கருவியில் இருக்கிறதோ அதுதான் வேலைக்கு ஆகும். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று திரை சொன்னால் புத்தகம் இல்லை என்று நினைத்து எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் தட்டிய எழுத்துக்கூட்டலில் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

முதலில் கோஹா என்கிற நூலக மென்பொருள். சென்னையில் பல கல்லூரி நூலகங்களும் ஆய்வு நூலகங்களும் இதில்தான் ஓடுகின்றன. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சின்னப் பகுதியின் நூலகம், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தன்னுடைய பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து எழுதி வாங்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது, அதனால் பட்ஜெட் இல்லாத நூலகங்களுக்கு வரப்பிரசாதம். எனக்கும் பிடித்த மென்பொருள்தான். காரணம், ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால், அலமாரியில் அதன் இடத்தைச் சொல்கிற அழைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘பிரவுஸ் ஷெல்ஃப்’ என்று ஒரு சின்ன இணைப்பு வரும், நூலகம் அதை அணைத்து வைக்காமல் இருந்தால். அதை அழுத்தினால் அலமாரியில் அந்தப் புத்தகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நான் பெட்டியில் தேடிக் கண்டுபிடித்தவற்றைவிட இந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தவை அதிகம். இன்னொன்று, ஒரு தேடலை ஆர்எஸ்எஸ் ஓடையாகச் சேமித்துக்கொள்ளலாம். புதிதாக ஏதாவது பதிவானால் தானாக வந்து சேரும்.

ஆனால் அந்தத் தேடல் பெட்டி இருக்கிறதே! கோஹாவுக்கு உள்ளே ஜீப்ரா என்று ஒரு தேடல் எந்திரம் ஓடுகிறது. அதை இரண்டு விதமாக அமைக்கலாம். ரோமன் எழுத்து மொழிகளை மனதில் வைத்துச் செய்த பழைய முறை ஒன்று, எல்லா மொழி எழுத்துகளையும் கையாளுகிற ஐசியு என்கிற யூனிகோட் முறை இன்னொன்று. தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிற நூலகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவுகிறவர் கவனிக்காமல் பழைய முறையிலேயே விட்டுவிட்டால், தமிழில் தலைப்பு அழகாகத் திரையில் தெரியும், தேடினால் மட்டும் வராது. பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

நகரில் ஒரு பெரிய நூலகம், பெயர் வேண்டாம். அதன் ஓபேக்கில் தமிழில் ‘சமையல்’ என்று தட்டினேன், ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்தில் ‘எஸ் ஏ எம் ஏ ஒய் ஏ எல்’ என்று தட்டினேன், ஒரு கொத்து வந்தது. நடுவில் ஒரு ‘ஐ’ சேர்த்துத் தட்டினால் முற்றிலும் வேறு கொத்து. கடைசி எழுத்துக்கு முன்னால் ‘ஏ’-வை இரட்டித்துப் பார்த்தேன், அதற்கும் ஒரு புத்தகம் உட்கார்ந்திருந்தது! வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் வந்து, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகத்தின் மேல் அச்சிட்ட தமிழ்த் தலைப்பு அப்படியே இருக்கிறது, கணினிக்குள் போனது மட்டும் அவரவர் உச்சரிப்பு.

அங்கே கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். “தலைப்பு போட்டுத் தேடாதீங்க சார், நம்பர் போட்டுத் தேடுங்க” என்றார். முப்பது வருடம் அலமாரியோடு வாழ்ந்தவர் சொன்னால் கேட்க வேண்டும். 641.5 என்று போட்டேன். புத்தகங்களைப் பொருள் வாரியாக எண் போட்டு அடுக்குகிற தியூயி பகுப்பில் சமையல் அது, இந்தியச் சமையல் 641.5954. வந்தது பாருங்கள், நான் எந்த எழுத்துக்கூட்டலிலும் யோசித்திராத தலைப்புகள் எல்லாம். தமிழ்ப் புனைகதை தேடுகிறவர்கள் 894.8113-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், 894.811 வரைக்கும் தமிழ் இலக்கியம், அதற்கடுத்த 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி திறந்த அலமாரி இருக்கிற இடத்துக்கு நேரிலேயே போகிறவர்களுக்கும் இந்த எண்தான் வழிகாட்டி.

பழைய சமையல் புத்தகங்களில் ஒரு சிக்கல், எல்லாம் 641-இல் இருக்காது. அந்தக் காலத்துப் புத்தகம் பாதி சமையல், பாதி கைவைத்தியம், ஓரத்தில் பிள்ளை வளர்ப்பு என்று கலந்து கட்டியிருக்கும். பகுத்தவர் எந்தப் பக்கத்தைப் புரட்டினாரோ அதைப் பொறுத்து 640-இல் மனையியலாகவோ 613.2-இல் உணவுமுறையாகவோ 615-இல் மருந்தாகவோ போய் உட்கார்ந்திருக்கும். அதனால் எண்ணிலும் கொஞ்சம் அக்கம்பக்கம் மேய வேண்டும்.

இந்த ஊரில் இதைச் சொல்லவேண்டியிருப்பது வேடிக்கைதான். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இங்கே உட்கார்ந்துதான் கோலன் பகுப்பு என்கிற நூல் வகைப்பாட்டு முறையை உருவாக்கி 1933-இல் வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர் வகுத்த 5 விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் 1948-இல் நம்முடைய மாகாணத்தில்தான் வந்தது. அவர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், ஒரு பொருளைப் பற்றித் தேடி வருகிறவர் பெரிய பொருளிலிருந்து சின்னப் பொருளுக்குப் படிப்படியாக எப்படி இறங்கி வருவார் என்பது. இன்றைய ஓபேக்கில் அந்தப் படிக்கட்டு எங்கேயாவது தெரிகிறதா? பகுப்பு எண்ணை அலமாரியில் புத்தகத்தை நிறுத்தி வைக்கும் இட அடையாளமாக மட்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எழுத்து விவகாரத்துக்கு வருவோம். தமிழ் யூனிகோடில் இருந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. ‘பௌத்தம்’ என்று சரியான ஔகாரக் குறியோடு தட்டுகிறவர்கள் பாதி, ‘பெளத்தம்’ என்று கொம்பு போட்டு ளகரத்தைச் சேர்த்துத் தட்டுகிறவர்கள் மீதி. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘கொ’ எழுத்தையே ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். இதை ஒருமைப்படுத்த யூனிகோடிலேயே வழி இருக்கிறது, மென்பொருள் அதைச் செய்ய வேண்டும். ளகரம் போட்ட ஔகாரத்தை அதுவும் காப்பாற்றாது, நூலகம்தான் தனியாக விதி எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு ரொம்பத் தொல்லை கொடுத்தது ஸ்ரீ. பழைய சமையல் புத்தகம் எழுதிய பெண்கள் பலர் அட்டையிலேயே ‘ஸ்ரீமதி’. இந்த எழுத்தை ஸகரத்திலிருந்தும் உண்டாக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் உண்டாக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடினால் இரண்டு. இப்போதெல்லாம் நான் ‘மதி’ என்று தட்டுவதோ ஸ்ரீ போடுவதோ இல்லை. ‘அம்மாள்’ என்று போட்டுவிட்டு 1950-க்கு முந்தைய ஆண்டுகளை வடிகட்டி, வருகிற பட்டியலைப் பொறுமையாகப் படிக்கிறேன்.

புணர்ச்சியும் சேர்ந்து படுத்தும். ‘சமையல் கலை’, ‘சமையற்கலை’, ‘சமையற் கலை’ மூன்றும் அட்டைகளில் உண்டு. சமையல் நூலைக் குறிக்கிற ‘பாகசாஸ்திரம்’ சேர்ந்தும் வரும், ‘பாக சாஸ்திரம்’ என்று பிரிந்தும் வரும், ‘சாஸ்த்திரம்’ என்று ஒற்று மிகுந்தும் வரும். நட்சத்திரக் குறி ஏற்கிற ஓபேக்காக இருந்தால் ‘சமைய’ என்று நிறுத்திவிட்டு நட்சத்திரம் போடுங்கள், லகரமும் றகரமும் சேர்ந்து வந்துவிடும். விகுதியை வெட்டி வேர்ச்சொல்லைப் பிடிக்கிற நிரல் தமிழுக்கும் இருக்கிறது, ஸ்னோபால் தொகுப்பிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நூலகத் தேடலில் அது வேலை செய்து நான் பார்த்ததில்லை.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவியர் முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஏறத்தாழ 1 லட்சம் நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, ஊரை விட்டுக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. என் தேவைக்கு இந்த ஊரில் முதலிடம் இதற்குத்தான். திறந்த அலமாரி கிடையாது, கேட்டால் எடுத்து வந்து தருவார்கள், அதனால் அட்டவணையை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போவது அவசியம். இங்கே பட்டியல் போட்டவர்கள் புத்தகத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு போட்டிருக்கிறார்கள் என்பது பதிவுகளைப் படித்தாலே தெரிகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிற எழுத்துப்பெயர்ப்பும் நூலகத்துறையின் முறைப்படி ஒரே சீராக இருக்கிறது. அந்த முறை நமக்குப் பழக்கமில்லாதது என்பதுதான் தடை.

அந்த முறையை ஒருதரம் கற்றுக்கொண்டால் உலகமே திறக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்க நூலகச் சங்கமும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகமும் வகுத்த ரோமன் எழுத்துப்பெயர்ப்பு அது. அதில் உச்சரிப்புக்கு இடமே இல்லை, எழுத்துக்கு எழுத்து. சகரம் எங்கே வந்தாலும் ‘சி’ என்கிற ஆங்கில எழுத்து, ‘எஸ்’ கிடையாது. ககரம் எப்போதும் ‘கே’, காகமானாலும் பாகமானாலும் ‘ஜி’ வரவே வராது. டகரத்துக்கு ஆங்கில ‘டேபிள்’ சொல்லின் முதல் எழுத்து, பகரத்துக்கு ‘பேப்பர்’ சொல்லின் முதல் எழுத்து. ஆக, சமையல் என்பதை சி, ஏ, எம், ஏ, ஐ, ஒய், ஏ, எல் என்று தட்ட வேண்டும். உ.வே.சா.வைத் தேடினால் ‘எஸ்’ வரிசையில் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார், ‘சி’-யில் சாமிநாதையர் என்று எழுத்துப்பெயர்த்துத் தேடினால் உடனே வருவார். நெடிலுக்கு மேலே கோடு, ழகரத்துக்குக் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி எல்லாம் உண்டு, ஆனால் பெரும்பாலான தேடல் பெட்டிகள் அவற்றை விட்டுவிட்டுத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். நம்முடைய வாட்ஸ்அப் தங்கிலீஷ் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இது தெரிந்தால் வேர்ல்டுகேட் தங்கச் சுரங்கம். ஓஎல்சிஎல் என்ற நூலகக் கூட்டமைப்பு நடத்துகிற உலகக் கூட்டுப் பட்டியல், யாரும் இலவசமாகத் தேடலாம். 1962 முதல் பிஎல் 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் திட்டத்தில் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால், அறுபதுகளுக்குப் பிறகு வந்த தமிழ்ப் புத்தகம் என்றால் பாண்டி பஜாரில் கிடைக்காததும் அங்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவாகியிருக்கும். புத்தகம் அங்கே இருந்து நமக்கென்ன என்று கேட்கலாம். சரியான தலைப்பு, ஆசிரியர் பெயரின் முழு வடிவம், பதிப்பகம், ஆண்டு நான்கும் ஓரிடத்தில் கிடைத்துவிடுகிறதே, அதை எடுத்துக்கொண்டு உள்ளூர் நூலகத்தில் போய் நிற்கலாம். 1962-க்கு முந்தையவற்றுக்கு வேர்ல்டுகேட் அவ்வளவு நிச்சயமில்லை. பொருள் தலைப்பில், அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் போடுகிற சொல்லில், தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: காங்கிரஸ் நூலகம் ‘குக்கரி’ என்றிருந்த தலைப்பை 2010-இல் ‘குக்கிங்’ என்று மாற்றியது. மாற்றம் எல்லா நூலகத்துக்கும் போய்ச் சேரவில்லை, இரண்டிலும் தேடுங்கள்.

சில நூலகங்களில் ரோமன் பதிவோடு தமிழ் எழுத்தும் சேர்ந்தே வரும். நூலகங்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற மார்க் 21 என்ற பதிவு வடிவத்தில் 880 என்ற புலம் அதற்காகவே இருக்கிறது, மூல எழுத்தில் தலைப்பை அங்கே போடலாம். இந்தப் புலத்தை நிரப்பிய பதிவு வந்தால் எனக்கு அந்த நூலகர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-இல் வந்தது. நூல், இதழ், சுவடி, நாட்டுடைமையாக்கப்பட்டவை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை. பழைய புத்தகத்தை வீட்டிலிருந்தே முழுதாகப் படிக்க இன்றைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். தேடலைவிட இதன் வகைப்பட்டியல் எனக்கு உதவியது, அறிவியல், மருத்துவம், மகளிர் என்று உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் நாம் பெயர் தெரியாமல் தேடுகிறது எதிரில் வந்து நிற்கும். இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது ஈழத்துத் தமிழ் நூல்களுக்கான நூலகம் திட்டம், 2005 முதல் நடக்கிறது. யாழ்ப்பாணச் சமையல் தேடுகிறவர்கள் நேரே அங்கே போகலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற இலவச இணையக் காப்பகம் வேறு மாதிரிக் காடு. உள்ளே இருப்பதன் அளவு மலைக்க வைக்கும், பட்டியல் அதே அளவுக்கு அழ வைக்கும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவில் ஸ்கேன் செய்தவை மொத்தமாக இங்கே ஏற்றப்பட்டபோது ‘இன் டாட் எர்நெட் டாட் டிஎல்ஐ டாட் 2015’ என்று தொடங்கும் எண்களோடு வந்து சேர்ந்தன. தலைப்புகள் யாரோ எப்படியோ ஆங்கிலத்தில் தட்டியவை. முழுப் பக்கத்தைத் தேடலாமே என்றால், பழைய பதிவேற்றங்களில் தமிழுக்கு எழுத்துணரியே (ஸ்கேன் படத்தை எழுத்தாக்கும் ஓசிஆர்) ஓடவில்லை, மொழி இன்னும் ஓசிஆருக்கு உட்பட்டதில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டார்கள். பிற்பாடு டெசராக்ட் என்ற எழுத்துணரிக்கு மாறிய பிறகு ஏற்றியவற்றில் தமிழ் ஓரளவு படிக்கப்படுகிறது. ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவம். புது எழுத்தில் பழகிய நிரலுக்கு ‘கடலை’ என்ற சாதாரணச் சொல்லே தொண்டையில் சிக்கும். கடலை மாவு தேடி ஒன்றும் வராவிட்டால் ‘மாவு’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். பழைய வடிவம் வராத எழுத்துகளைக் கொண்ட சொல்லாகப் பொறுக்கித் தேடுவது ஒரு கலை. உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் பத்திரம்.

நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி, ஐஐடி கரக்பூர் நடத்துவது, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். இது நூலகத்தைவிட வழிகாட்டிப் பலகை. பல இடங்களின் விவரக்குறிப்புகளை அறுவடை செய்து ஓரிடத்தில் தேடவிடுகிறது, புத்தகம் இருப்பது மூல இடத்தில். மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனால் பள்ளிப் பாடம், ஆய்வேடு, பழைய நூல் எல்லாம் கலந்து வரும். மாணவர்களுக்கு நல்லது, எனக்குப் பெரிதாக உதவவில்லை.

அதற்கு மாறாக, யாரும் பரிந்துரைக்காத ஒன்றை நான் பரிந்துரைக்கிறேன்: ஷோத்கங்கா. பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியம், இன்ஃப்லிப்நெட் நடத்துகிறது, 2009-இல் யுஜிசி விதி வந்த பிறகு ஆய்வேடுகளின் மின்பிரதி இங்கே வந்து சேர்கிறது. ஆய்வேடு படிக்க நான் போவதில்லை. ஒவ்வொன்றின் கடைசியிலும் துணைநூற்பட்டியல் என்று தனிக் கோப்பு இருக்கும். தமிழர் உணவு பற்றி யாராவது ஒருவர் மூன்று நான்கு வருடம் அலைந்து சேர்த்த பட்டியல் அது, எந்த ஓபேக்கிலும் வராத புத்தகத்தின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பழைய ஆய்வேடுகள் யூனிகோடில் இருக்காது, ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டியவை. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும், தேடவும் முடியாது. கண்ணால் படிக்க வேண்டியதுதான். துறை வாரியாகத் தமிழ்த்துறையைத் திறந்து தலைப்புகளை ஓட்டிப் பார்ப்பது இங்கேயும் பெட்டியைவிட வேகம்.

இப்போது அந்த ‘டிஸ்கவரி’ ரகம். பிரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி என்று பெரிய பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டி வைத்திருக்கிறார்களே, அவை. நூலகத்தின் சொந்தப் பட்டியல், சந்தா இதழ்கள், மின்னூல்கள் எல்லாவற்றையும் ஒரே மைய அட்டவணையில் போட்டு ஒரே பெட்டியில் தேடுவது. ஆங்கிலத்தில் மருத்துவமோ பொறியியலோ படிக்கிற பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நண்பர் ஒருவரின் கணக்கில் உட்கார்ந்து தமிழ்ச் சமையலைத் தேடிப் பார்த்தேன். இட்லி மாவில் லாக்டிக் அமில பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்று பக்கம் பக்கமாகக் கட்டுரைகள். சுவாரஸ்யமாகத்தான் இருந்தன, படித்தும் விட்டேன். ஆனால் அதே நூலகத்தின் தமிழ் அலமாரியில் இருக்கிற சமையல் புத்தகம் எத்தனையாவது பக்கத்தில் வரும் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. கோடிக்கணக்கான ஆங்கிலக் கட்டுரைகளுக்கு நடுவே மூன்று வரிப் பதிவாக இருக்கிற ஒரு தமிழ்ப் புத்தகம் மேலே வர எந்தக் காரணமும் இல்லை, சுருக்கம் கிடையாது, பொருள் தலைப்பு கிடையாது, முழு உரை கிடையாது. இந்தப் பெட்டியை வைத்திருக்கிற நூலகங்களில் பழைய ஓபேக்கின் இணைப்பு எங்காவது ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். மூடிவிட்டிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாட்பாட்டிடம் கேட்டுப் பார்த்தாயா என்றும் கேட்பார்கள். பார்த்தேன். 1920-களின் தமிழ்ச் சமையல் புத்தகம் என்று அழகான தலைப்பு, ஆசிரியை பெயர், தெருப்பெயரோடு அச்சகம் வரைக்கும் சொன்னது. எந்த அட்டவணையிலும் அப்படி ஒரு புத்தகம் இல்லை. எழுத்துப்பெயர்ப்பு விதியை விளக்கச் சொல்லவோ ஒரு தலைப்பின் நான்கைந்து எழுத்துக்கூட்டல்களைப் போட்டுத் தரச் சொல்லவோ பயன்படுத்துங்கள், அதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

19-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் அச்சுப் பட்டியலே கதி. ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் பட்டியல் பொருள் வாரியாகப் பிரித்தது, இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் 1909-இல் போட்ட பட்டியலும் அப்படியே. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தபோது நான் அந்த 1909 பட்டியலை வைத்துத்தான் ஓட்டினேன்.

கன்னிமாராவை விட்டுவிட்டேன் என்று யாரும் அடிக்க வரவேண்டாம். 1896-இல் திறந்தது, 1954 சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. சட்டம் வந்த பிறகான புத்தகத்துக்கு, வேறெங்கும் அகப்படாவிட்டால் கடைசி நம்பிக்கை. ஓபேக்கைப் பார்த்துவிட்டு மட்டும் முடிவுக்கு வராமல் எழும்பூருக்கு நேரில் போய், அழைப்பு எண், ஆண்டு, பதிப்பகம் மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஹென்றி இர்வின் கட்டிய பழைய கூடத்தை எட்டிப் பார்க்காமல் திரும்பாதீர்கள், தேடலுக்குச் சம்பந்தமில்லை என்றாலும்.

நூலகர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டே விண்ணப்பம். ஜீப்ராவை ஐசியுவுக்கு மாற்றுங்கள், செலவில்லாத வேலை, மறு அட்டவணைக்கு ஓரிரவு ஓடவிட்டால் போதும். அப்புறம் ஆசிரியர் பெயருக்கு ஒரு அதிகாரக் கோப்பு. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத அய்யர், உ.வே.சா. எல்லோரும் ஒரே ஆள் என்று ஒருமுறை கணினிக்குச் சொல்லி வைத்தால் வாசகர் நான்கு முறை தட்ட வேண்டாம். கோஹாவில் இதற்கு இடம் இருக்கிறது, காலியாகக் கிடக்கிறது.

வீட்டிலிருந்து தேடி முடித்துவிட்டு நேரில் போகிறவர்கள் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கோட்டூர்புரம். ரோஜா முத்தையாவுக்கு அதே தடத்தில் இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி, ‘சிபிடி கேம்பஸ்’ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும், நூலகத்தின் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. போவதற்கு முன்னால் வேண்டிய புத்தகங்களின் அழைப்பு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், எடுத்து வைப்பது அவர்களுக்கும் சுலபம்.